டாக்டர் வாயில் தெர்மாமீட்டர்

அன்பு மகள், புது டாக்டரம்மா அவர்களுக்கு,

பழைய டாக்டர் அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நர்ஸம்மாவும் நலம். நாடி, நாக்கு, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பார்க்காமலே நலம் என்று எழுதுவது நம் தொழிலுக்கு அழகல்ல. அங்கு நீயும் அவ்வண்ணமே இருப்பாய் என்று நம்புகிறேன். விடுதிச் சாப்பாடு வாய்க்கு விளங்கவில்லை என்றாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். உன் அம்மாவும் அதையேதான் கேட்டாள். "விஷயம் பெரிசு, விளக்கமா எழுதணும்" என்றேன். "எழுதினா குறுக்க யாரும் பேச முடியாது, அதானே?" என்று சொல்லிவிட்டு மருந்து அலமாரியைத் துடைக்கப் போய்விட்டாள். அவள் பேச்சு கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

போன விடுமுறைக்கு வந்துவிட்டுக் கிளம்புகிற அன்று, தோளில் பையோடு நம் கிளினிக் வாசலில் நின்று நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "அப்பா, அங்க பெரிய ஆஸ்பத்திரியில என்னைக் கூப்பிடறாங்க. இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நம்ம கிளினிக்குக்கு வரதப் பத்தியும் யோசிக்கிறேன். ஆனா இப்படியே இருந்தா வர மாட்டேன். இங்க வரவங்க என்ன நினைக்கிறாங்கன்னு அவங்களையே கேளுங்க. கேட்டு, மாத்த வேண்டியத மாத்துங்க. அப்புறம் சொல்றேன்." அவ்வளவுதான். நீ அந்தப் பக்கம் தெருமுனை திரும்பினாய், இந்தப் பக்கம் நான் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டேன். மகள் வருவதற்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், அதுவும் கேட்பது என்கிற சுலபமான நிபந்தனை, கேட்பதற்கு என்ன கஷ்டம், காது இருந்தால் போதாதா என்று நினைத்தேன் பார், அங்கேதான் பிடித்தது சனி.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். உள்ளே வந்த ஒவ்வொருவரையும் "நம்ம கிளினிக்ல என்ன குறை, தாராளமா சொல்லுங்க" என்று கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில் "ஒரு குறையும் இல்ல டாக்டர், அமோகமா இருக்கு" என்றார்கள். குளிர் காய்ச்சலில் வந்த ஒருவர் பல் கிட்டித்துக்கொண்டே அமோகம் என்றார். மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்லி ஒருவர் கேட்டார், வைத்தேன், அதை நிறுத்தச் சொல்லி அடுத்தவர் கேட்டார், நிறுத்தினேன், அதோடு சரி. எனக்கு உச்சி குளிர்ந்து போய்விட்டது. சாயங்காலம் உன் அம்மாவிடம், "பாத்தியா, குறையே இல்லாத கிளினிக்" என்று மார்தட்டினேன். அவள் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "ஊசியக் கையில வச்சுக்கிட்டு, 'என் மேல குறை இருந்தா சொல்லுங்க'ன்னு கேட்டா எவன் சொல்லுவான்? உயிர் மேல ஆசை இருக்காதா?" என்றாள்.

நியாயமான பேச்சு. அன்று முழுக்க யோசித்ததில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. இப்போது நினைத்தால் அந்த யோசனையைத் தலையில் குட்டி உட்கார வைத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் அப்போது எனக்கே என்னைப் பார்த்துப் பெருமையாக இருந்தது. நானே நோயாளி வேஷம் போட்டு நம் கிளினிக்கில் போய் உட்காருவது என்று முடிவு செய்தேன். உன் தாய்மாமன் விட்டுப் போன பூப்போட்ட சட்டை, காது வரை இழுத்து விட்ட குரங்குக் குல்லா, கறுப்புக் கண்ணாடி, மூக்கு வாய் எல்லாவற்றுக்கும் ஒரு முகக்கவசம். கண்ணாடியில் பார்த்தேன், எனக்கே நான் யாரென்று தெரியவில்லை. நர்ஸம்மாவிடம் அவசர வேலையாக வெளியே போகிறேன் என்று சொல்லி முன்வாசல் வழியாகப் போய், பின்வாசல் வழியாக நுழைந்து வேஷம் கட்டி, மறுபடி முன்வாசல் வழியாக வந்து, எல்லோரையும் போல டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டர் வெளியே உட்கார்ந்துவிட்டால் உள்ளே யார் பார்ப்பார்கள் என்கிற ஒரு சின்ன விஷயம் மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு இந்தப் பக்கம் நமக்குத் துணி தைக்கிற தையல்காரம்மா, அந்தப் பக்கம் எதிர் வீட்டு வக்கீல். நான் குரலை மாற்றிக்கொண்டு, "இந்த டாக்டர் எப்படிங்க? நான் ஊருக்குப் புதுசு" என்று தூண்டில் போட்டேன்.

"கைராசிக்காரரு, அதுல ஒரு சொல்லு சொல்ல முடியாது" என்றார் தையல்காரம்மா. "ஆனா நாம வாயத் தொறக்குறதுக்குள்ள அவரு பேனாவத் தொறந்துடுவாரு. போன வாரம் என் மாமியாருக்கு மாத்திரை வாங்கிட்டுப் போக வந்தேன். உள்ள நுழைஞ்சேன், 'உக்காருங்க'ன்னாரு, 'நாக்க நீட்டுங்க'ன்னாரு, எனக்கு ஊசியப் போட்டு அனுப்பிட்டாரு."

"நீங்க சொல்ல வேண்டியதுதானே?"

"நாக்க நீட்டிக்கிட்டு எப்படிச் சொல்றது?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீல்கூட என்னை நாலு வார்த்தை பேச விடுவான். இவர்கிட்ட 'எனக்கு'ன்னு ஆரம்பிச்சேன். மருந்துச் சீட்டு கையில வந்துடுச்சு. 'எனக்கு'க்கு அப்புறம் என்னன்னு இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது" என்றார்.

எனக்குக் கோபம் வர வேண்டும் அல்லவா? வந்தது, ஆனால் டாக்டர் மேல் வந்தது. என்ன மனுஷன் அவன், நோயாளி சொல்வதைக் கேட்காமல் என்ன வைத்தியம் என்று நானும் சேர்ந்துகொண்டு என்னைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவருக்கு மரியாதை தெரியவில்லை என்றேன், படித்த திமிர் என்றேன், இவ்வளவு நேரமாகியும் ஆள் வரவில்லை பாருங்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு இருந்த உற்சாகத்தில் எழுந்து நின்று ஒரு கூட்டமே நடத்தியிருப்பேன், அதற்குள் நர்ஸம்மா என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும், போனால் உள்ளே டாக்டர் இல்லை. போனேன்.

நம் நர்ஸம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும், அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். உள்ளே காலை வைத்ததும் என் கையைப் பிடித்து இழுத்து பிரஷர் பட்டையைச் சுற்றிவிட்டார். "நர்ஸம்மா, நான் வந்து" என்றேன். "பேசாதீங்க, பிரஷர் ஏறும்" என்றார். "இல்ல, நான்தான்" என்றேன். "எல்லாரும் 'நான்தான்'னுதான் சொல்லுவாங்க, ஏறி நில்லுங்க" என்று எடை பார்க்கிற மெஷினில் ஏற்றிவிட்டு, "இந்த உடம்ப வச்சுக்கிட்டு இப்படிக் கத்திக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, உள்ள வரைக்கும் கேட்டுச்சு. சாப்பாட்டக் குறைங்க" என்றார். உன் தகப்பன், இந்தக் கிளினிக்கின் டாக்டர், தன் சொந்த அறையில், தன் சொந்த மெஷின் மேல் நின்றுகொண்டு, தான் யார் என்று சொல்ல முடியாமல் விழித்தேன் கண்ணு. எவ்வளவு அவமானமாக இருந்தது தெரியுமா? சொல்ல வந்ததைச் சொல்ல விடாவிட்டால் நெஞ்சுக்குள் ஏதோ முட்டுகிறது, அது எந்த மருந்துக்கும் கேட்காது போலிருக்கிறது. கடைசியில் உன் அம்மா வந்து, என் செருப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "கழட்டுங்க நர்ஸம்மா, அது நம்ம வீட்டு ஆளு" என்றாள். நர்ஸம்மா அன்று முழுக்கச் சிரித்துச் சிரித்து, ஊசி போட வேண்டியவர்களுக்கெல்லாம் கை நடுங்குகிறது என்று மறுநாள் வரச் சொல்லிவிட்டார்.

நான் குல்லாவைக் கழற்றிவிட்டு அசட்டுச் சிரிப்போடு வெளியே வந்தால், வக்கீல் எழுந்து கை குலுக்குகிறார். "எப்ப கண்டுபிடிச்சீங்க?" என்றேன். "நான் ஒரு வார்த்தை பேசினா நீங்க ஒம்பது வார்த்தை பேசினீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு டாக்டர். இந்தத் தெருவுல வேற யாரு இருக்கா?" என்றார். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டேதான் என்னை முன்னே உட்கார வைத்துக்கொண்டு மனசு விட்டுத் திட்டியிருக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டியதில் அவர்களுக்குப் பரம சந்தோஷம். தையல்காரம்மா, "அடுத்த வாரமும் இப்படி வாங்க டாக்டர், இன்னும் நிறைய இருக்கு" என்றார்.

சரி, குறை தெரிந்துவிட்டது, இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது சுலபம், அதன்படி நடப்பது அல்லவா கஷ்டம்! முதல் ஆள் "ரெண்டு நாளா" என்றதுமே என் வாயிலிருந்து "சளிதானே?" என்று தானாக வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன், கடித்த உதட்டோடு மாத்திரை பெயரைச் சொன்னேன். நர்ஸம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் புது தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்து என் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டார். "அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் எடுக்கக் கூடாது. பேசினா கீழ விழுந்து உடையும்" என்றார். இது தண்டனையா வைத்தியமா என்று கேட்கலாம் என்றால் வாயில் தெர்மாமீட்டர்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன் போ! ஜனங்கள் பேசினார்கள் கண்ணு. முதலில் கொஞ்சம் தயங்கினார்கள், பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்கள், நான் "ம்ம்" என்றேன், உடனே மடை திறந்த மாதிரி கொட்டினார்கள். வக்கீல் "எனக்கு" என்பதில் ஆரம்பித்து மதியம் வரை வாதாடி, மீதிக்கு வாய்தா வாங்கிக்கொண்டு போனார். ஒரு அம்மா வந்து வீட்டுக் கதை முழுவதையும் சொல்லி முடித்து, எழுந்து, "உடம்பு இப்ப லேசா இருக்கு டாக்டர், மருந்து வேணாம். இந்தக் கருவி எந்தக் கடையில கிடைக்கும்? எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கணும்" என்றார். உன் அம்மா உள்ளிருந்து ஓடி வந்து, "நான் தரேன்" என்று தானே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், ஏதோ தன் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்ட மாதிரி.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், டாக்டர் எப்போது பார்த்தாலும் வாயில் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருக்கிறார் என்று தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது. டாக்டருக்கே இறங்காத காய்ச்சலாம், என்ன காய்ச்சலோ, பாவம் நல்ல மனுஷன் என்று ஆளாளுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார்கள். இருமிக்கொண்டு வந்தவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் என்னைப் படுக்கச் சொல்கிறார். ஒரு பெரியவர் என் நாடியைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார். நான் "ம்ம், ம்ம்" என்று கையை ஆட்ட, "பேச்சு போயிடுச்சு போலிருக்கே!" என்று வெளியே ஒரே அழுகை. தையல்காரம்மாதான் துணிந்து தெர்மாமீட்டரை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நார்மல்தான்! ஒண்ணுமில்ல, போய் உக்காருங்க எல்லாரும்" என்று கூட்டத்தைக் கலைத்தார். வீட்டில் இப்போது எங்கு பார்த்தாலும் ஆரஞ்சு.

சிரிக்கிறாய் அல்லவா, சிரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், இது சிரிக்கிற விஷயம் இல்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற நம் டிரைவரை உனக்குத் தெரியும். அவர் வருவார், "தலைவலி" என்பார், நான் மாத்திரை எழுதுவேன், போவார். எத்தனையோ தடவை இப்படித்தான். இந்தத் தடவை வாயில் தெர்மாமீட்டர் இருந்ததால் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் மருந்துச் சீட்டுக்காக நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "சாயங்காலத்துல எதிர வர விளக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது டாக்டர். சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களோன்னு பயம்" என்றார். அந்த பஸ்ஸில் நம் தெருக் குழந்தைகள் அத்தனை பேரும் போகிறார்கள். உடனே அவரைக் கண் டாக்டரிடம் நானே கையோடு அழைத்துக்கொண்டு போனேன். நல்ல நேரத்தில் வந்தீர்கள், சரி செய்துவிடலாம், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்றார். பள்ளிக்கூடத்தில் பேசி அதுவரை அவருக்கு அலுவலகத்தில் வேலை போட்டுக் கொடுக்க வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஒரு கிண்டலும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள்.

இப்படியாக நம் கிளினிக் அடியோடு மாறிவிட்டது. காத்திருக்கிற நேரம் அதிகமாகிவிட்டது என்று புதுக் குறை வந்திருக்கிறது, அதற்கு நாற்காலி போட்டிருக்கிறேன். இதையெல்லாம் எழுதி, ஆகவே நீ உடனே கிளம்பி வா என்று முடிப்பதாகத்தான் இருந்தேன். நேற்று வாய்தாவுக்கு வந்த வக்கீல் காரியத்தைக் கெடுத்துவிட்டார்.

தன் மூட்டுவலியைப் பற்றி விளக்கி முடித்துவிட்டு, எழுந்தவர் திரும்பவும் உட்கார்ந்தார். "டாக்டர், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மக இங்க வரப் போறா, மக இங்க வரப் போறான்னு நாங்க கேட்டுக்கிட்டே இருக்கோம். அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்றார். நான் தெர்மாமீட்டரை வாயிலிருந்து எடுத்தேன், பெரிசாகப் பதில் சொல்ல வேண்டும் என்று. நீ போட்ட நிபந்தனைதான் நினைவுக்கு வந்தது, உன் ஆசை என்னவென்று வரவில்லை. நீ மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தபோதே நம் கிளினிக்குக்கு இன்னொரு மேஜை எங்கே போடலாம் என்று நான் பேச ஆரம்பித்தவன், இன்று வரை நிறுத்தவில்லை. தெருவில் ஒருவர் விடாமல் குறை கேட்டவன், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

அதனால் இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும் கண்ணு? எனக்கு நீ இங்கே வர வேண்டும் என்று கொள்ளை ஆசை, இல்லை என்று சொன்னால் பொய். ஒரே அறையில் நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உட்கார்ந்து நோயாளி பார்க்க வேண்டும், நான் எழுதிய மருந்தை நீ தப்பு என்று சொல்லி அடித்துத் திருத்த வேண்டும், அதை நான் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட வேண்டும். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிதான் உன் மனசில் இருக்கிறது என்றால் தாராளமாகச் சேர், நான் ஒரு முணுமுணுப்பு முணுமுணுக்க மாட்டேன். இந்த ஊரிலேயே சொன்னதை முழுசாகக் கேட்கிற டாக்டர் என்று பெயர் வாங்கிவிட்டேன், பெற்ற மகள் சொல்வதைக் கேட்க மாட்டேனா? நீ வாயைத் திறந்து முடிக்கிற வரை, சத்தியமாக, குறுக்கே மூச்சு விட மாட்டேன்.

உன் அம்மா தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், மறக்காமல் போர்வையை வெயிலில் போடவும் சொன்னாள். நர்ஸம்மா விசாரித்ததாக எழுதச் சொன்னார். தெருவில் எல்லோரும் ஆசி சொல்லியிருக்கிறார்கள், எழுதினால் தாள் போதாது. நோய் நொடி அண்டாமல், கை நடுங்காமல், கண்ணில் தூக்கம் குறையாமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, தீர்க்காயுசாக, சீரும் சிறப்புமாக இருக்க மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் சொல்லுக்குக் காத்திருக்கும்
அப்பா

பின்குறிப்பு: ஒட்டின உறையைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இப்போதுதான் நீ போன் செய்தாய். "அப்பா, நான் நல்லா யோசிச்சு ஒரு முடிவு பண்ணிட்டேன்பா, அது என்னன்னா" என்று ஆரம்பித்தாய். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். "நீ ஒண்ணும் தயங்காதம்மா, நீ என்ன சொன்னாலும் அப்பா முழுசாக் கேக்கப் போறேன், குறுக்க பேசவே மாட்டேன்" என்று நானும் ஆரம்பித்தேன். இந்தக் கடிதத்தில் உள்ள அத்தனையையும், டிரைவர் கதை உட்பட, ஒன்று விடாமல் சொன்னேன், கண்ணில் நீர் வந்தது, "நல்லா இரு" என்று மனசார வாழ்த்திப் போனை வைத்துவிட்டேன். உன் அம்மா, "அவ என்ன சொன்னா?" என்றாள். திருப்பிக் கூப்பிட்டால் உன் போன் அணைந்து கிடக்கிறது, நான் பேசிய பேச்சில் சார்ஜ் தீர்ந்திருக்கும் என்கிறாள். அவள் பக்கத்தில் நின்று காது கொடுத்திருந்தாளாம், உன் குரலுக்குப் பின்னால் ரயில் நிலையத்து அறிவிப்பு கேட்டதாம். எந்த ரயில் என்பது என் குரலில் அமுங்கிப் போய்விட்டதாம். தோழியை வழியனுப்பப் போனாலும் அது ரயில் நிலையம்தான், வீட்டுக்குக் கிளம்பினாலும் அது ரயில் நிலையம்தான். கண்ணு, இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடுவதா, நீ வந்ததும் கையில் கொடுப்பதா?